அந்தப் பேட்டியைக் கொடுக்காதீர்கள், ஐயா

வழக்கறிஞர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு சங்கரன்கோவில் பக்கம். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மூத்த மகள் நாலு வருடமாகச் சென்னையில் சீரியலில் நடிக்கிறாள். பதினைந்து நாள் முன்பு ஒரு யூடியூப் சேனலில், கூட நடிக்கும் கல்யாணமான நடிகரோடு அவள் மாலையும் கழுத்துமாக நிற்கிற படத்தைப் போட்டு ‘ரகசியத் திருமணமா?’ என்று வீடியோ வந்தது. அந்தப் படம் சீரியலில் வந்த கல்யாண சீன். ஆறு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் எனக்கே அனுப்புகிறார்கள். இளையவளுக்கு ராஜபாளையத்தில் பேசி வைத்திருந்த இடம் இப்போது ‘பார்த்துச் சொல்கிறோம்’ என்கிறது. நானும் அன்றைக்கு ராத்திரி போன் போட்டு ‘உண்மையா பாப்பா?’ என்று கேட்டுவிட்டேன். அழுதுகொண்டே வைத்துவிட்டாள். இப்போது எதைக் கேட்டாலும் ‘விட்டுடுங்கப்பா’ என்கிறாள். அந்தச் சேனல்காரர் ஒருவர் என் நம்பரைப் பிடித்து, ‘உங்கள் தரப்பைச் சொல்லுங்கள், பேட்டி போடுகிறோம்’ என்கிறார். இரண்டாவது முறை பேசும்போது ‘அடுத்த பார்ட் ரெடியா இருக்கு, வேண்டாம்னா பேசிக்கலாம்’ என்றார். என் அக்கா மகன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போகிறேன் என்று நிற்கிறான். பேட்டி கொடுக்கலாமா? நான் போலீசில் புகார் கொடுக்க முடியுமா? அவளைப் பேசாமல் ஊருக்குக் கூட்டிவந்துவிடவா?

— பெயர் வேண்டாம்

ஐயா, வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். பேட்டி கொடுக்காதீர்கள். ஐந்து நிமிஷம்தான் என்றாலும், கேமரா இல்லாமல் போனில் மட்டும் என்றாலும், நல்லபடியாகப் போடுகிறோம் என்று அவர் சத்தியமே செய்தாலும் வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். அவர்கள் கையில் இப்போது இருப்பது சீரியலிலிருந்து வெட்டிய ஒரே ஒரு படமும் ஒரு கேள்விக்குறியும்தான். அதை வைத்து இன்னொரு வீடியோ ஓட்ட முடியாது, சரக்கு தீர்ந்துவிட்டது. அதனால்தான் உங்களைத் தேடுகிறார்கள். நீங்கள் பேசிவிட்டால் ‘நடிகையின் அப்பா கதறல்’ என்று ஒன்று, ‘அப்பா சொன்ன அதிர்ச்சித் தகவல்’ என்று இன்னொன்று, அதற்கு அந்த நடிகரின் வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்று மூன்றாவது. பார்க்கிறவர்கள் எண்ணிக்கையும் அவர்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதும்தான் அங்கே வருமானம், உண்மை பொய் எதுவும் அந்தக் கணக்கில் வராது. மறுப்பும் அவர்களுக்கு ஒரு வீடியோதான்.

என்னிடம் வந்த ஒரு நடிகையின் அப்பா உங்களைப் போலவே நேர்மையான மனிதர். நாற்பது நிமிஷம் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினார். அதை ஆறு துண்டாக நறுக்கினார்கள். ‘என் மகள் அப்படிப்பட்டவள் இல்லை’ என்று அவர் சொன்ன இடத்தை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் தண்ணீர் குடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டு ‘என்ன சொல்றது’ என்றாரே, அதை மட்டும் எடுத்து மேலே சோக இசை போட்டார்கள். மகள் அப்பாவோடு மூன்று மாதம் பேசவில்லை. அந்த மூன்று மாதத்தை அவருக்கு என்னால் மீட்டுக் கொடுக்க முடியவில்லை, வழக்கில் என்ன செய்து என்ன?

பேட்டி வேண்டாம் என்பதற்குச் சட்டத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. 1994-ல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது, அதுவும் நம்மூர் வழக்கில்தான். கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடலாமா கூடாதா என்ற வழக்கு. பொது ஆவணங்களில் இருப்பதை வெளியிடலாம் என்று பத்திரிகைக்குச் சாதகமாகத்தான் முடிந்தது. ஆனால் அதே தீர்ப்பில்தான் ஒருவருடைய குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்ற அந்தரங்கங்களை அவர் சம்மதம் இல்லாமல் யாரும் வெளியிடக் கூடாது, அது உண்மையாகவே இருந்தாலும் கூடாது என்று தெளிவாகச் சொன்னார்கள். நடிகை என்றால் இந்த உரிமை போய்விடுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போகாது. அவர் நடிப்பைப் பற்றி யாரும் என்ன விமர்சனமும் செய்யலாம், அவர் யாரோடு குடும்பம் நடத்துகிறார் என்பது நடிப்பில் சேராது. ஆனால் ஒருவர் தானாகவே ஒரு சர்ச்சைக்குள் இறங்கினாலோ, சர்ச்சையைக் கிளப்பினாலோ நிலைமை வேறாக இருக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. நீங்கள் போய் கேமரா முன் உட்கார்ந்தால் நாளைக்கு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் முதலில் நீட்டப்போவது உங்கள் பேட்டியைத்தான். ‘குடும்பமே பொதுவெளியில் பேசுகிறது, இதில் என்ன அந்தரங்கம்?’ என்பார். அந்த ஆயுதத்தை நாமே எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

சரி, ‘ரகசியத் திருமணமா?’ என்று கேள்வியாகத்தானே போட்டிருக்கிறார்கள், அதற்கு வழக்குப் போட முடியுமா என்று உங்களுக்குச் சந்தேகம் இருக்கும். முடியும். கேள்விக்குறி போட்டால் தப்பித்துவிடலாம் என்பது அவர்களாக நினைத்துக்கொண்டிருப்பது. அப்படியா இப்படியா என்று இரண்டு பக்கமாகச் சொன்னாலும், குத்தலாகச் சொன்னாலும் அவதூறு ஆகலாம் என்று சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 499, 500 என்று இருந்தவைதான் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-வது பிரிவு. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், சமூக சேவை செய்யச் சொல்லியும் தண்டிக்கலாம். ‘நாங்களா சொன்னோம், வட்டாரத்தில் பேசிக்கொள்கிறார்கள்’ என்பதும் செல்லாது, ஊர் வம்பை எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னால் சொன்னவரும் பொறுப்புதான்.

ஆனால் ஐயா, இங்கே நீங்கள் கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அவதூறுக்கு போலீஸ் நேரடியாக வழக்குப் பதிவு செய்ய முடியாது, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தனிப் புகாராகத்தான் போக வேண்டும். அந்தப் புகாரைக் கொடுக்க வேண்டியவர் பாதிக்கப்பட்டவர். இங்கே அது உங்கள் மகள். உங்களைப் பற்றியோ குடும்பத்தைப் பற்றியோ தனியாக ஏதாவது சொல்லியிருந்தால் அதற்கு நீங்கள் போகலாம், மற்றபடி இது அவர் எடுக்க வேண்டிய முடிவு. சட்டம் ஏதோ நுணுக்கத்துக்காக இப்படி வைத்திருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. வழக்கு என்று போனால் சாட்சிக் கூண்டில் ஏறி, முகம் தெரியாதவர்கள் முன்னால், ‘அந்த நடிகருக்கும் உங்களுக்கும் எவ்வளவு நாள் பழக்கம்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லப்போவது அவர். அதைத் தாங்குவதா, வேண்டாமா என்று அவருக்காக வேறு யாரும் முடிவு செய்ய முடியாது, பெற்றவர்கள்கூட.

அவசரமும் இல்லை. அவதூறுக் குற்றத்துக்கு மூன்று வருடம் வரை புகார் கொடுக்கலாம். நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு என்றால் மட்டும் வெளியான நாளிலிருந்து ஒரு வருடம்தான் கெடு, அதை மறந்துவிடாதீர்கள். இன்றைக்கே முடிவெடுத்தாக வேண்டும் என்று யாராவது விரட்டினால், அவர் வழக்கறிஞராகவே இருந்தாலும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

முடிவுக்குத்தான் அவசரமில்லை, ஆதாரத்துக்கு உண்டு. வீடியோவை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிட்டுத் தலைப்பை மாற்றித் திரும்பப் போடலாம். வெறும் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. வீடியோவின் முகவரி, சேனல் பெயர், வெளியான தேதி, எத்தனை பேர் பார்த்தார்கள் என்கிற எண் எல்லாம் தெரிகிற மாதிரி, முழு வீடியோவும் ஓடும்போது ஸ்கிரீன் ரெக்கார்ட் எடுக்கச் சொல்லுங்கள். எந்தப் போனில் எடுத்தீர்களோ அந்தப் போனை விற்கவோ அழிக்கவோ கூடாது. மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்கிற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் சேர்க்க வேண்டும், அதற்கு இது தேவைப்படும். உங்கள் இளைய மகள் இதை அரைமணி நேரத்தில் செய்துவிடுவார். அப்புறம் தயவுசெய்து அந்த லிங்க்கை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ‘பாருங்கள், எப்படி எழுதியிருக்கிறான்’ என்று கோபத்தில் அனுப்புவதும் அவர்களுக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுப்பதுதான். சொந்தக்காரர்கள் அனுப்பினால் திறக்காமல், ‘எனக்குத் தெரியும், இனி அனுப்ப வேண்டாம்’ என்று ஒரு வரி மட்டும் பதில் போடுங்கள்.

வீடியோவை இறக்குவதற்கு வழிகள் உண்டு. யூடியூபிலேயே அந்தரங்க மீறல் என்று புகார் கொடுக்கலாம், பொதுவாக வீடியோ போட்டவருக்கு 48 மணி நேரம் அவகாசம் கொடுத்துவிட்டு அப்புறம் பரிசீலிப்பார்கள். அவதூறு என்று சட்டப் புகார் கொடுக்கத் தனிப் படிவம் இருக்கிறது. ஆனால் உங்கள் மகளின் விஷயத்தில் எனக்கு முதலில் தோன்றியது வேறு. அந்தக் கல்யாணப் படம் யாருடையது? சீரியலின் காட்சி என்றால் அதன் உரிமை தயாரிப்பு நிறுவனத்திடமோ தொலைக்காட்சியிடமோ இருக்கும். அவர்கள் காப்புரிமை (காப்பிரைட்) புகார் கொடுத்தால், பெரும்பாலும் மற்றப் புகார்களைவிட வேகமாக நடக்கும், தொண்ணூறு நாளுக்குள் மூன்று காப்புரிமை ஸ்ட்ரைக், அதாவது மூன்று எச்சரிக்கை, வாங்கினால் சேனலே போய்விடும் என்பதால் இதற்கு மட்டும் கொஞ்சம் பயப்படுவார்கள். மகள் தன் புரொடக்‌ஷன் மேனேஜரிடம் எழுத்தில், ஒரு மெயிலாகவோ வாட்ஸ்அப் செய்தியாகவோ, கேட்கட்டும். சில இடங்களில் ஜோடியைப் பற்றி ஊர் பேசினால் சீரியலுக்கு விளம்பரம்தானே என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். தங்களிடம் தினச் சம்பளத்துக்கு வேலை செய்கிற ஒரு பெண்ணின் பெயரை வைத்து விளம்பரம் நடக்கட்டும் என்று விடுவது பெரிய தவறு, அதை நான் பல தயாரிப்பாளர்களிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். எழுத்தில் கேட்டு அவர்கள் செய்யவில்லை என்றால் அதுவும் நாளைக்கு ஒரு ஆதாரம்.

இப்போது அந்த ‘வேண்டாம்னா பேசிக்கலாம்’ விஷயம். உங்கள் கடிதத்திலேயே எனக்கு அதிகம் உறுத்திய வரி இதுதான், நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அடுத்த பார்ட் இருக்கிறது, வேண்டாம் என்றால் பேசிக்கொள்ளலாம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும். அவர் இன்னும் தொகை சொல்லவில்லை. சொன்னால் அது அவதூறு என்ற வரம்பைத் தாண்டி மிரட்டிப் பணம் பறிப்பது ஆகிவிடும். பணம் தராவிட்டால் உன்னைப் பற்றி அவதூறாக வெளியிடுவேன் என்று மிரட்டி வாங்குவதைத்தான் பணப்பறிப்புக்கு முதல் உதாரணமாகச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 308-வது பிரிவு, இதில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதிவு செய்யலாம், உங்களிடம் பணம் கேட்டால் நீங்களே புகார் கொடுக்கலாம். ஒரு ரூபாய்கூடக் கொடுத்துவிடாதீர்கள். பணம் கொடுக்கும் என்று தெரிந்த வீட்டுக்கு இவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள்.

இது ஒன்றும் யூடியூபோடு வந்த தொழில் இல்லை, ஐயா. உங்கள் அக்கா மகனையும் பக்கத்தில் உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். 1940-களில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்று ஒருவர் ‘சினிமா தூது’ என்ற பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகைகளின் படுக்கையறைக் கதைகள்தான் அதில் வரும், எழுதாமல் இருக்கப் பணம் கொடுத்தவர்கள் நிறையப் பேர். பொறுக்க முடியாமல் அன்றைய பெரிய நடிகர்கள் தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன் போன்றவர்கள் கவர்னர் வரைக்கும் மனுக் கொடுத்தார்கள், பத்திரிகையின் உரிமம் ரத்தானது. அவர் என்ன செய்தார்? ‘இந்து நேசன்’ என்று வேறு பெயரில் அதையே தொடர்ந்தார். இன்றைக்கு ஒரு சேனல் போனால் அடுத்த வாரம் இன்னொரு சேனல் வருகிறதே, அதே கதைதான். 1944 நவம்பர் 8-ம் தேதி வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தபோது அவரைக் குத்தினார்கள், மறுநாள் இறந்துபோனார். அடுத்த மாதமே அந்தக் கொலை வழக்கில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைது. அந்த வருடத் தீபாவளிக்கு வந்த பாகவதரின் ‘ஹரிதாஸ்’ படம் மூன்று தீபாவளி கண்டது, கொட்டகையில் அவர் பாட்டுக்குக் கூட்டம் அலைமோதியபோது அவர் சிறையில் இருந்தார். ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுபடி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து, 1947 ஏப்ரலில்தான் இரண்டு பேரும் விடுதலையானார்கள். குற்றவாளிகள் இல்லை என்று தீர்ப்பு வந்தும் பாகவதருக்குப் பழைய வாழ்க்கை திரும்பவில்லை, 1959-ல் இறந்துபோனார்.

நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிற பையனுக்கு உங்கள் மகள் மீது பாசம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அவன் அந்த ஆபீஸ் வாசலில் போய் நின்று ஒரு கண்ணாடி உடைந்தாலும், அதுவரை பாதிக்கப்பட்டவராக இருந்த உங்கள் மகள் ‘அடியாட்களை அனுப்பிய நடிகை’ ஆகிவிடுவார். அதையும் அவர்களே படம் பிடிப்பார்கள். அவனிடம் வேறு வேலை கொடுங்கள், சேனலில் வருகிற எல்லாவற்றையும் தினமும் பார்த்து நான் சொன்னபடி பதிவு செய்து ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கோபமாக இருக்கிற பையன்கள் இந்த வேலையை ரொம்ப நன்றாகச் செய்வார்கள்.

எதுவும் பேசாமலே இருந்தால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா என்று கேட்பீர்கள். வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை, பேச வேண்டிய இடத்தில் வழக்கறிஞர் நோட்டீஸ் பேசட்டும். 2024 நவம்பரில் ஏ.ஆர். ரஹ்மானும் மனைவியும் பிரிகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, சம்பந்தமே இல்லாமல் அவர் குழுவில் வாசித்த ஒரு பெண்ணின் பெயரையும் சேர்த்துக் கதை கட்டினார்கள். அவருடைய வழக்கறிஞர்கள் ஒரு நோட்டீஸ் வெளியிட்டார்கள்: ஒரு மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் 356-வது பிரிவில் வழக்கு. அவ்வளவு பெரிய மனிதருக்கே இது தேவைப்பட்டது, உங்கள் மகள் இதைச் செய்வதில் எந்த வெட்கமும் இல்லை. நோட்டீசில் ‘அவர் எனக்கு அண்ணன் மாதிரி’ போன்ற விளக்கமெல்லாம் வேண்டாம். படம் சீரியலின் காட்சி, செய்தி பொய், எடுத்துவிடுங்கள், இத்தனை நாள் கெடு. இவ்வளவுதான்.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு நீங்களே ஒரு போன் போட்டுவிடுங்கள். ‘அது சீரியலில் வந்த படம். என் மகளை எனக்குத் தெரியும். இதை வைத்து யோசிக்கிறீர்கள் என்றால் தாராளமாக யோசியுங்கள், நாங்கள் காத்திருக்கப் போவதில்லை’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். கெஞ்சினால் இளையவளுக்கு அந்த வீட்டில் காலத்துக்கும் தலை குனிவு.

கடைசியாக, ஊருக்குக் கூட்டிவந்துவிடவா என்ற கேள்வி. உங்கள் மகளின் ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். காலையிலிருந்து இரவு வரை செட்டில் நிற்க வேண்டும். லைட்மேனில் இருந்து மேக்கப் போடுகிறவர் வரை எல்லோரும் அந்த வீடியோவைப் பார்த்திருப்பார்கள், யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அதே நடிகரோடு அதே கல்யாணக் காட்சியின் தொடர்ச்சியை, சிரித்துக்கொண்டே நடிக்க வேண்டும். ராத்திரி ரூமுக்கு வந்தால் போனில் கமென்ட்டுகள், அதில் எழுதியிருப்பதை நானும் இங்கே எழுத முடியாது. அந்த நேரத்தில் அப்பா என்று பெயர் வந்தால் ஒரு பெண் எப்படி நம்பி எடுத்திருப்பார்! நீங்களும் ஊர் கேட்ட கேள்வியையே கேட்டுவிட்டீர்கள். உங்களைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை ஐயா, பதறிப்போய்க் கேட்டிருக்கிறீர்கள், எந்த அப்பாவும் கேட்பார். ஆனால் ‘விட்டுடுங்கப்பா’ என்று அவர் சொல்வது வழக்கைப் பற்றி மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதனால் கூட்டிவரப் போகாதீர்கள், பார்க்கப் போங்கள். பொதிகை ரயிலில் ஏறிப் போய் நாலு நாள் அவரோடு இருந்துவிட்டு வாருங்கள், அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். வீடியோ பேச்சை நீங்களாக எடுக்க வேண்டாம். ‘அன்றைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது பாப்பா’ என்று மட்டும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். சரியாகத் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, விடிய விடிய கமென்ட் படித்துக்கொண்டிருக்கிறாரா என்று கவனியுங்கள். இன்ஸ்டாகிராமைக் கொஞ்ச நாளைக்கு ஒரு தோழியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். தூக்கம் போய், பேச்சும் குறைந்து, எதிலும் பிடிப்பில்லாமல் பேசினால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை, தேவைப்பட்டால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அவரே ‘எனக்கு இது போதும், ஊருக்கு வருகிறேன்’ என்றால் கூட்டிவாருங்கள், அது வேறு. நாலு வருடம் கஷ்டப்பட்டுப் பிடித்த வேலையை ஒரு கேள்விக்குறிக்காக நீங்கள் நிறுத்தினால், அந்த வீடியோ உண்மை என்று ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும், அவரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

வழக்கா, நோட்டீஸா, ஒன்றுமே வேண்டாமா என்பதை அவர் யோசித்து முடிவு செய்யட்டும். நோட்டீஸ் என்றால் அவரே எனக்கு எழுதட்டும், கட்டணம் பற்றிய கவலை வேண்டாம். அதுவரை அந்தச் சேனல்காரரின் எண்ணை பிளாக் செய்யாதீர்கள், அவர் கூப்பிட்ட இரண்டு நாட்களின் தேதியையும் நேரத்தையும் அவர் சொன்ன வார்த்தையையும் மறப்பதற்குள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். மறுபடி அழைத்தால் பதிவு செய்யும் பொத்தானை அழுத்திவிட்டு, ‘எங்கள் வழக்கறிஞர் பேசுவார்’ என்று மட்டும் சொல்லுங்கள். அவர் அதற்கு மேல் என்ன பேசினாலும் பேசட்டும், நீங்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள்.